பிங்க் ஃபிளாய்ட் டிவிடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: டப்பா அசல், உள்ளே நகல்

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பழைய ராக் இசை வீடியோக்களைச் சேகரிக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். "கல்ஃபிலிருந்து வந்த மாமாவோட கலெக்‌ஷன்" என்று சொல்லி ஒருவர் பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் டிவிடிகளையும் வி.எச்.எஸ். வீடியோ கேசட்டுகளையும் விற்றுக்கொண்டிருக்கிறார். என்னிடம் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். இப்போது வேறு பெயரில், வேறு எண்ணில் திரும்ப வந்திருக்கிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

அவர் சொல்கிற கதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பக்கூடிய கதை. பாலக்காடு ஜில்லாவில் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ ஆள் போகாத தெரு கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லீவுக்கு வந்தவர்கள் வி.சி.ஆரும் கேசட்டும் கொண்டுவந்தார்கள். அங்கேயும் நம்மூர் மாதிரி 'பால்' (PAL) என்கிற டிவி முறைதான் என்பதால் அந்தக் கேசட்டுகள் இங்கே சிக்கலில்லாமல் ஓடின. அமெரிக்காவிலிருந்து வந்த, என்.டி.எஸ்.சி. என்கிற வேறு டிவி முறையில் பதிந்த கேசட்டைப் போட்டால் பழைய வி.சி.ஆரில் படம் உருளும், கலர் போய்விடும். அதனால் 'கல்ஃப் சரக்கு' என்றால் சேகரிப்பவர்களுக்கு ஒரு தனி நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் இந்த ஆள் காசாக்குகிறார்.

நான் வாங்கியது மூன்று கச்சேரிப் படங்கள். 2006இல் வந்த 'பல்ஸ்' இரண்டு வட்டு டிவிடி, 2003இல் வந்த 'லைவ் அட் பாம்பேய்' இயக்குநர் பதிப்பு, அப்புறம் 1989இன் 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' வி.எச்.எஸ். கேசட்.

"இதெல்லாம் ப்ளூ-ரேயில் சுத்தமாக வந்துவிட்டதே, பழசு எதற்கு?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில், புதுசும் பழசும் ஒரே படம் இல்லை என்பது. 'டெலிகேட் சவுண்ட்' கச்சேரியை 1988 ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஃபிலிமில் எடுத்தார்கள். 2019இல் 'தி லேட்டர் இயர்ஸ்' பெட்டித் தொகுப்புக்காக அந்த ஃபிலிம் சுருள்களை எடுத்து, முதலிலிருந்து புதிதாகத் தொகுத்து, ஒலியையும் புதிதாகக் கலந்தார்கள். அற்புதமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் 1989இல் ரசிகர்கள் வீட்டில் பார்த்த தொகுப்பு அது இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கேசட்டோ லேசர் டிஸ்க்கோதான் வேண்டும்.

பாம்பேய் படமும் அப்படித்தான். 1971 அக்டோபரில், இத்தாலியின் பாம்பேய் நகரத்தில், கூட்டமே இல்லாத பழைய ரோமானிய அரங்கில் இயக்குநர் ஏட்ரியன் மேபன் எடுத்தது. 2003 டிவிடிக்காக அவரே விண்வெளிக் காட்சிகளையெல்லாம் சேர்த்து வேறு மாதிரி ஆக்கினார். 2025இல் வந்த 4கே பதிப்பு பழைய நெகடிவிலிருந்து எடுத்த, அந்தச் சேர்க்கைகள் இல்லாத படம். மேபனின் அந்த மாற்றம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் அதுவும் வேண்டும். ஒரு குழுவின் வீடியோக்களைச் சேகரிக்கிறவனுக்கு ஒவ்வொரு பதிப்பும் ஒரு தனிப் பொருள். நகல் பார்த்தால் போதும் என்றால் நான் காசு கொடுத்து வாங்கவே வேண்டியதில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வேலந்தாவளத்தில் சந்திக்கலாம் என்றார். வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், மரியாதையான பேச்சு. பையிலிருந்து 'பல்ஸ்' டப்பாவை எடுத்து அவரே திறந்து, முதல் வட்டை என் கையில் கொடுத்தார். "பாருங்ண்ணா, உள்வட்டத்துல நம்பர் இருக்கு பாருங்" என்று அவரே காட்டினார். பார்த்தேன். அசல்தான். வெள்ளி மினுமினுப்பு, நடு வளையத்தில் பொறித்த எண், பக்கத்தில் பொடி எழுத்தில் ஐ.எஃப்.பி.ஐ. (இசைத்தட்டுக் கம்பெனிகளின் உலக அமைப்பு) குறியீடு, எல்லாம் சரியாக இருந்தன. பாம்பேய் வட்டும் அசல். உள்ளே இருந்த புத்தகம் அசல். அட்டை அசல். ஒரு ஜோடியில் ஒன்று அசல் என்றால் மற்றதும் அசல்தான் என்று யாருக்கும் தோன்றும். இந்த ஏமாற்று வேலையே அந்த இடத்தில்தான் நிற்கிறது. பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூப்பிட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஜிபே பண்ணினேன், கிளம்பிவிட்டார்.

'பல்ஸ்' 1994 அக்டோபர் 20ஆம் தேதி லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் படமாக்கிய கச்சேரி. டிவிடியின் இரண்டாம் வட்டில்தான் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் முழுவதையும் தொடர்ந்து வாசிப்பார்கள். இந்த டிவிடியை யார் வாங்கினாலும் முதலில் போட்டுப் பார்ப்பது அந்த வட்டைத்தான். நானும் அதைத்தான் போட்டேன். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு மேடையில் புகை பரவி, அதன் நடுவே பச்சை லேசர் கதிர் வரும்போது படம் கலைய ஆரம்பித்தது. புகை புகையாக இல்லை, கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிப் பக்கம் 'கம்ஃபர்ட்டப்லி நம்' பாட்டில் குழுவின் கிட்டார் கலைஞர் கில்மர் வாசிக்கும்போது அரங்கத்துக்கு நடுவில் பெரிய கண்ணாடிப் பந்து மேலே போய் இதழ் இதழாக விரியும். இந்தக் கச்சேரியில் நான் உயிரை விடும் இடம் அது. அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்து திரையை நிறைத்தது. மெனுவுக்குப் போய்க் கூடுதல் காட்சிகளை அழுத்தினால், வேலை செய்யாமல் மேலே திரும்பி வந்தது.

வட்டை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊதா. தொழிற்சாலையில் அச்சில் வார்த்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுகிற டிவிடி-ஆரில் சாயப்பூச்சு இருப்பதால் ஊதாவோ நீலமோ தெரியும். வெளி விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு கோடு வேறு இருந்தது, எழுதியது அதோடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். மேல்பக்கப் படத்தை அசல் அட்டையிலிருந்து ஸ்கேன் பண்ணி, இங்க்ஜெட்டில் அச்சடித்திருக்கிறார்கள். விரலை ஈரமாக்கித் தடவியதும் கறுப்பு மை விரலில் வந்துவிட்டது. நடு வளையத்தில் ஐ.எஃப்.பி.ஐ. குறியீடு இல்லை, வெற்று வட்டு செய்த கம்பெனியின் தொடர் எண்தான் இருந்தது.

படம் ஏன் உடைகிறது என்றால், அச்சில் வார்த்த இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி வரை பிடிக்கும். கடையில் கிடைக்கிற சாதாரண டிவிடி-ஆரில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். பெரியதைச் சின்னதில் அடக்க, படத்தை நசுக்குவார்கள், கூடுதல் காட்சிகளை வெட்டுவார்கள். பளிச்சென்ற பகல் காட்சியில் நசுக்கியது அவ்வளவாகத் தெரியாது. இருட்டு, புகை, வேகமாக மாறும் வெளிச்சம் என்று வந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிங்க் ஃபிளாய்ட் கச்சேரி என்றால் அதுதானே முழுக்க முழுக்க! தவிர, அந்தச் சாயப்பூச்சு வெயிலிலும் சூட்டிலும் மங்கக்கூடியது. நம்மூர் வெக்கையில் சில வருஷம் கழித்து அந்த வட்டு ஓடாமலே போகலாம்.

கேசட் இதைவிட மோசம். 'டெலிகேட் சவுண்ட்' அட்டைப்பெட்டி அசல். உள்ளே இருந்தது வெற்று கேசட்டில் பதிந்த நகல். அசல் கேசட்டின் லேபிளை உரித்து இதில் ஒட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் பசை கொப்புளம் கட்டியிருந்தது. படத்தோடு விற்பனைக்கு வரும் கேசட்டில், மேலே பதிவு செய்துவிடாதபடி பின் ஓரத்துச் சின்ன பிளாஸ்டிக் தாவல் (டேப்) இருக்காது. இதில் தாவலை உடைத்த ஓட்டை இருந்தது, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. போதாததற்கு, நாடா சுற்றின் பக்கவாட்டில் வெள்ளைப் பூசணம். கேரள மழையில் அலமாரியில் கிடந்த கேசட்டுகளுக்கு வருகிற வியாதிதான் அது. ஜன்னல் வழியாகத் தெரிகிற பக்கம் துடைத்திருந்தது, மறுபக்கம் அப்படியே இருந்தது. அதைப் போட்டால் வி.சி.ஆரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் பூசணம் ஏறி, அப்புறம் போடுகிற நல்ல கேசட்டையும் கெடுக்கும். இப்போது வி.சி.ஆர். ரிப்பேர் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஆகவே நான் அதை ஓட்டவில்லை. யாரிடமாவது அவர் கொடுத்த கேசட் இருந்தால் நீங்களும் ஓட்டாதீர்கள்.

போன் பண்ணினேன். முதலில், "மாமா கலெக்‌ஷன்ங்ண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்" என்றார். படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது. "நான் ரெண்டும் அசல்தான் குடுத்தேன், நீங்க மாத்திட்டு என்னைச் சொல்றீங்க" என்றார். அப்புறம் என் எண்ணை பிளாக் பண்ணிவிட்டார். கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. என்னைத் திருடன் என்று சொன்னதை என்னால் சீரணிக்க முடியவில்லை.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இங்கே இன்னொரு தலைவலி. பணம் கைமாறியது கேரளத்தில், ஆள் இருப்பது தமிழ்நாட்டில். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போ என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எழுதிக் கொண்டுபோய் அந்தப் பிரிவைச் சொன்னதும் என்னுடைய புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, அந்தப் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. ஒருவர் இதையே வியாபாரமாகச் செய்கிறார் என்று காட்ட முடிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இந்தப் பதிவை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு நண்பர் அனுப்பிய படங்கள். வேறொரு வாட்ஸாப் குழுவில் பிங்க் ஃபிளாய்ட் டிவிடிகள் விற்பனைக்கு வந்திருந்தன. பெயர் வேறு. ஆனால் படத்தில் வட்டுகளுக்குக் கீழே அதே பச்சைக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, அதே மூலையில் டீ கிளாஸ் வைத்த பழுப்புக் கறை. எனக்கு வந்த படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்தப் பட்டியலில் 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர், 2004 ஒரிஜினல் டிவிடி' என்று ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு அதிகாரபூர்வ டிவிடி 2004இல் வரவே இல்லை. 1989க்குப் பிறகு அது முறையாக டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வந்தது 2019 பெட்டித் தொகுப்பில், தனியாக வந்தது 2020இல். இன்னொன்று, 'வெனிஸ் 1989, ஒரிஜினல்'. 1989 ஜூலை 15இல் வெனிஸ் நகரில் தண்ணீர்மேல் மிதக்கும் மேடையில் நடந்த கச்சேரி. டிவியில் நேரடியாகப் போனது, அதைப் பதிந்து வைத்துக்கொண்டவர்கள் போட்ட நகல்கள்தான் பல வருஷம் சுற்றின. அதிகாரபூர்வமாக வந்தது அதே 2019 தொகுப்பில்தான். 'பல்ஸ்' ப்ளூ-ரே என்று 2010, 2012 தேதியோடு யாராவது காட்டினாலும் நம்பாதீர்கள். அதுவும் 2019 தொகுப்புக்கு முன்னால் கிடையாது, தனியாக வந்தது 2022இல். எந்தப் பதிப்பு எந்த வருஷம் வந்தது என்று தெரிந்துகொண்டாலே பாதி மோசடி வாசலிலேயே நின்றுவிடும். அட்டையை என்ன அழகாக வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், வராத பதிப்பை வந்ததாக ஆக்க முடியாது.

வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு வட்டின் அடிப்பக்கத்தையும் நடு வளையத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து. இரண்டு வட்டு என்றால் இரண்டும், ஐந்து என்றால் ஐந்தும். கேசட் என்றால் பின் ஓரமும், நாடா தெரிகிற இரண்டு பக்கமும். நேரில் சந்தித்தால் சின்ன லேப்டாப் ஒன்று கொண்டுபோங்கள், வட்டைப் போட்டதும் அளவும் வகையும் காட்டிவிடும். உண்மையான சேகரிப்பாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், சொல்லப்போனால் அவரே சந்தோஷமாகக் காட்டுவார். இதே பக்கத்தில் எனக்கு அப்படிப்பட்ட இரண்டு மூன்று நல்ல மனிதர்களைத் தெரியும்.

அந்தப் பச்சை விரிப்புப் படங்களைப் பார்த்து ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், உரையாடலை அழித்துவிடாதீர்கள். பணம் போன ரசீது, அவர் அனுப்பிய படங்கள், வட்டுகள், அட்டை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுத்துவிட்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் சேர்த்து எழுதலாம்.