பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குக் கூலிங் டைல்ஸ் போடப் போகிறீர்களா? நான் இழந்த 88,000 ரூபாயைப் பற்றிப் படித்துவிட்டுப் போடுங்கள்

திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு நடு அறையில் கூரையிலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. அம்மாவின் தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. தண்ணீர் சொட்டுகிறதே என்று அன்று சாயங்காலம்தான் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தோம். நகர்த்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, அதற்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட மண் ஓடு பதித்த மெட்ராஸ் டெரஸ். எண்பது வருஷமாக நிற்கிறது. ஆனால் பாசி பிடித்துக் கறுத்துப்போன தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் அனலாக இறக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூடுதான் சுற்றும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இந்த வருஷம் கத்திரி வெயிலில் இரண்டு முறை மயக்கமாகிப் படுத்துவிட்டார். வீட்டைப் பழுது பார்க்கும்போதே மேல்தளத்துக்கும் ஏதாவது செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செல்போன் ஆப். பெயர் சொல்ல விரும்பவில்லை. அதில் பதிந்த மறுநாளே ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரி கருவி. எங்கள் தளத்தில் காட்டினார், 58 டிகிரி. பையிலிருந்து கூலிங் டைல் என்று வெயிலைத் திருப்பியடிக்கும் ஒரு வெள்ளை டைலை எடுத்து அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு அதில் காட்டினார், 43. கீழே வந்ததும் அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். "அம்மா, அடுத்த வாரத்துல இருந்து நீங்க மதியானம் நிம்மதியா தூங்குவீங்க, எங்க அம்மாவுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தரேன்" என்றார். அம்மா கண் கலங்கிவிட்டார். அந்த நிமிஷம் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போது என்னை அறுப்பது அதுதான்.

550 சதுர அடி, சதுர அடிக்கு 160 ரூபாய், மொத்தம் 88,000. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, கட்டைகளைச் சோதித்து, சுண்ணாம்பு ஜல்லி புதிதாகப் போட்டு, அதன்மேல் டைல் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். 60,000 முன்பணம். வேலை நடந்த நான்கு நாளும் நான் அலுவலகத்தில். அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாது. கடைசி நாள் ஏறிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கண் கூசியது. ராத்திரி உண்மையிலேயே சூடு குறைந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். மீதி 28,000 ரூபாயை நன்றி சொல்லியே கொடுத்தேன்.

ஆகஸ்ட் மாதச் சாயங்கால மழையில் கைப்பிடிச் சுவர் ஓரமாக முதல் ஈரம் தெரிந்தது. போன் செய்தேன். "ஈரம் காயும் மேடம், புது வேலைல அப்படித்தான் இருக்கும்." அடுத்த வாரம், "சர்வீஸ் டீம் வருவாங்க." வரவில்லை. செப்டம்பரில், "மழை விடட்டும் மேடம்." அப்புறம் வாட்ஸ்அப்பில் புளூ டிக் மட்டும். ஆப்பில் புகார் கொடுத்தால், வேலை முடிந்து ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். ஏழு நாளைக்குள் மழை பெய்ய வேண்டும் என்று வானத்திடம் போய்க் கேட்கவா? பத்து வருஷ வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தேன். டைலின் நிறம் மங்கினால்தான் வாரண்டி. ஒழுகலும் கட்டடப் பழுதும் அவர்கள் பொறுப்பில்லை என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

செங்கல் விழுந்த மறுநாள் காசிமேட்டிலிருந்து ஒரு வயதான மேஸ்திரியை அழைத்து வந்தேன். ஒரு மூலையில் நாலு டைலைப் பெயர்த்தார். "இன்னாம்மா இது, தட்டோட்டைப் பேக்கவே இல்லியே! அப்டியே மேல சிமெண்டைக் கொட்டி ஒட்டிட்டுப் போயிருக்கானுங்க." சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் மேலே மூடிவிட்டதால், ஓரத்தில் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, சுவருக்குள் சொருகியிருக்கும் கட்டை முனைகளை ஊறவைத்திருக்கிறது. ஒரு முனையில் ஆணியால் குத்தினார், வெல்லத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. பாரமும் சேர்ந்துகொண்டது. இரண்டு அங்குல சிமெண்ட் கலவையும் டைலும் சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும் என்றார். 550 சதுர அடிக்கு ஐந்தரை, ஆறரை டன். அந்த வயதான கட்டைகளின் தலையில், எங்களுக்குத் தெரியாமல்.

88,000 ரூபாய். அம்மாவின் வைப்புநிதியை உடைத்து எடுத்த 88,000. இனி அத்தனையையும் பெயர்த்து, கட்டை மாற்றி, மறுபடி சுண்ணாம்பு போட வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரி இன்னும் சொல்லவில்லை.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு ஓடவில்லை. டைல் நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் தளம் கான்கிரீட்டா மெட்ராஸ் டெரஸா என்று பாருங்கள். வந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய தட்டோட்டைப் பெயர்க்கும் நாளில் லீவு போட்டுவிட்டுக் கூடவே நில்லுங்கள், போட்டோ எடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள். வெயிலுக்கு மட்டும்தான் என்றால் வருஷா வருஷம் மேலே சுண்ணாம்பு அடித்தாலே நன்றாகக் குறையும் என்கிறார் மேஸ்திரி. இதை மே மாதமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தாள், ரசீது, மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மெட்ராஸ் டெரஸில் கட்டை மாற்றத் தெரிந்த ஆட்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, கூட இரண்டு பேர் வேண்டும் என்கிறார். அம்மா இப்போது சமையலறையில் படுத்திருக்கிறார்.