புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவுக்கு: பேன்ட் டயாப்பரா, கிண்ண வடிவப் பேடா?

ஊட்டி மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பேன்ட் டயாப்பர்தான். கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) எடுத்த முதல் சில நாள் இரவுக்கு அது சரி. பிறகு ஆண்களுக்கான கிண்ண வடிவப் பேடே மேல். இறுக்கமான ஜட்டியில் ஒட்டினால் நகராது. தொளதொளப்பில் ஓரமாகக் கசியும், பழி பேட் மீது விழும்.

குளிரில் சிறுநீர் கூடும். மாலையில் சிறுநீரை அடக்கும் தசை களைத்துக் கசிவும் ஏறும். கூடலூர் பஸ் ஏறுமுன் மாற்றிவிட்டு, கையிருப்பாக 2 வையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பையை உறுத்தும். குறைக்க வேண்டியது டீயை (நீலகிரியில் இதைச் சொல்வது பாவம்தான்).

விறைப்புக்கான நரம்பைக் காத்த அறுவையிலும் ஆரம்ப மாதங்களில் கசிவு சகஜம். விறைப்பு திரும்ப 2 ஆண்டுகள்கூட ஆகலாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்துவது) கதீட்டர் எடுத்த பிறகே: 10 முறை, தினம் 3 வேளை. தேவை குறைந்துகொண்டே போகும் என்பதால் பேடை மொத்தப் பெட்டியாக வாங்க வேண்டாம்.