ஒத்தக்கால் டேபிள்ல எது சின்ன ரூமுக்கு செட்டாகும்: டியூலிப், சைக்ளோன், எரோஸ், ஐலீன் கிரே

சின்ன ரூம்ல எடத்த அடைக்காம, பாக்க சிலை மாதிரி நிக்கிற ஒரு டேபிள் வேணும்னு தேட ஆரம்பிச்சா சுத்தி சுத்தி நாலு டிசைன் தான் கண்ணுல படும். ஈரோ சாரினென் 1957ல நோல்ங்கற அமெரிக்க ஃபர்னிச்சர் கம்பெனிக்கு பண்ண டியூலிப், அதே வருஷம் அதே கம்பெனில வந்த இசாமு நொகுச்சியோட சைக்ளோன், ஆஞ்சலோ மாஞ்ஜியரொட்டியோட மார்பிள் டேபிள் எரோஸ், அப்புறம் 1920கள்ல ஐலீன் கிரே போட்ட ஏத்தி இறக்குற டேபிள். இன்னைக்கு கடைகள்ல இருக்குற ஒத்தக்கால் டேபிள்ல முக்காவாசி இதுங்களோட வாரிசு தான்.

எல்லாரும் மேல்தட்டோட கலர் என்ன, மார்பிளா மரமான்னு பாப்பாங்க, நான் முதல்ல குனிஞ்சு அடிய தான் பாப்பேன். ஒத்தக்கால்ல நிக்கிற எதுவும் கவுறுமா கவுறாதாங்கறது அங்க தான் இருக்கு. மேல்தட்டு 50 செ.மீ. அகலம், அடித்தட்டு 30 செ.மீ., ரெண்டும் வட்டம், மொத்தமா 12 கிலோன்னு வைங்க. மேல்தட்டு ஓரம் அடித்தட்ட தாண்டி 10 செ.மீ. வெளிய நிக்குது, அந்த ஓரத்துல 18 கிலோ அழுத்தம் விழுந்தா போதும் டேபிள் கவுந்துரும், சோபால இருந்து எழும்போது ஒருத்தர் கைய ஊனுனாலே அவ்ளோ வந்துரும். அதே டேபிளுக்கு அடித்தட்டு மட்டும் 40 செ.மீ. இருந்தா 48 கிலோ வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வெறும் 10 செ.மீ. தான் வித்தியாசம், போட்டோல யாருக்கும் தெரியாது.

இந்த கணக்க வச்சு பாத்தா டியூலிப் எவ்ளோ யோசிச்சு பண்ணதுன்னு புரியும். நாற்காலி கால், மேஜை காலுன்னு கீழ ஒரே காடா கெடக்குறத ஒழிக்கணும்னு தான் சாரினென் இதுல இறங்குனாரு. அடி வார்ப்பு உலோகம், அதனால வெயிட்டு கீழயே தங்குது, தண்டு இடுப்புல ஒல்லியாகி தரைக்கு வரும்போது விரியுது, சோ நாற்காலிய எந்தப் பக்கம் போட்டாலும் முட்டி இடிக்காது. ரெண்டு பேர் எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடணும்னா 90 செ.மீ. வட்டத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல. மலிவு காப்பிகள்ல தான் வம்பு, ஷேப்ப மட்டும் எடுத்துட்டு அடிய தகரத்துல பண்ணி மேல கல்ல வச்சிருப்பாங்க. 2 செ.மீ. தடிமன்ல 50 செ.மீ. மார்பிள் வட்டமே 10 கிலோவுக்கு மேல வரும், அவ்ளோ வெயிட்டும் உச்சில உக்காந்தா லேசா சாஞ்சாலே திரும்ப நிமிராது.

சைக்ளோன் நேர்ல பாக்க டியூலிப்ப விட ஜாலி. நொகுச்சி 1954ல பண்ண ஆடுற ஸ்டூல்ல இருந்து வந்த ஐடியா, கம்பிகள் முறுக்கிக்கிட்டு மேல ஏறும், ஊடால அந்தப்பக்கம் தெரியுறதால ரூம் அடைஞ்ச மாதிரி இருக்காது. வார்ப்பிரும்பு அடி, அதனால ஸ்திரத்துல குறையில்ல. ஆனா கம்பிக்கு நடுவுல சேருற தூசிய யார் தொடைக்கிறது?

எரோஸ் கதையே வேற, அழகுல என் ஓட்டு இதுக்கு தான். கூம்பு மாதிரி கல்லு தண்டு, மேல்தட்டுல அதுக்கு ஏத்த ஓட்டை, மேல இருந்து இறக்குனா கல்லோட வெயிட்டே அத இறுக்கிப் பிடிச்சுக்கும், ஸ்க்ரூவும் இல்ல பசையும் இல்ல. 1971ல வந்தது, இன்னைக்கும் புதுசா தெரியும். ஆனா சின்ன ரூம்ல பெருக்குறதுக்கும் விருந்தாளி வந்தா எடம் விடுறதுக்கும் எதையாவது நகத்திட்டே இருக்கணும், இது நகராது, வச்சா வச்ச எடம் தான். போதாக்குறைக்கு மார்பிள்னா கால்சியம் கார்பனேட், எலுமிச்சை சாறோ வினிகரோ சிந்துனா அந்த எடம் பாலிஷ் போய் மங்கிரும். சீலர்னு கல்லு மேல பூசுற பாதுகாப்பு பூச்சு அடிச்சா கறை சீக்கிரம் இறங்காது, இந்த மங்கல அதால தடுக்க முடியாது.

கடைசியா ஐலீன் கிரே. கறாரா சொன்னா இது நடுத்தண்டு டேபிளே இல்ல, தண்டு ஒரு ஓரமா இருக்கும், ஆனா சின்ன ரூம்ங்கற போட்டிக்கு இத விட்டுட்டு பேசுறது நியாயமில்ல. தெற்கு பிரான்ஸ்ல அவங்க கட்டுன ஈ-1027 வீட்டுக்காக பண்ணது. அடிவளையம் கட்டிலுக்கோ சோபாவுக்கோ கீழ நுழைஞ்சுரும், கண்ணாடித்தட்டு நேரா மடிக்கு மேல வந்து நிக்கும், உயரமும் மாத்தலாம். தரைல தனியா எடமே கேக்காத டேபிள்னா இந்த நாலுல இது ஒன்னு தான். ஒரே கண்டிஷன், சோபாவுக்கு கீழ இடைவெளி இருக்கணும், தரையோட ஒட்டுன சோபா வச்சிருந்தா இத வாங்குறதுல அர்த்தமே இல்ல. சாப்பாட்டு மேஜையாவும் ஆகாது, கப்பு, புக்கு, லேப்டாப் அவ்ளோதான்.

அதனால அதுலயே சாப்பிடப் போறீங்கன்னா வெயிட்டான அடி இருக்குற டியூலிப் டைப், சோபா பக்கத்துக்கு மட்டும்னா கிரே டைப். எரோஸ் சொந்த வீட்டுக்காரங்களுக்கு, அடிக்கடி வீடு மாறுறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. எத எடுத்தாலும் டேப்ப கையில வச்சுட்டு அடித்தட்ட அளந்து பாருங்க, அது மேல்தட்டுல மூணுல ரெண்டு பங்கு கூட இல்லன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் நான் தொட மாட்டேன், அதுவும் வீட்ல தவழுற குழந்தை இருந்தா சுத்தமா வேணாம்.