குத்துவிளக்கு தேய்க்க: புளியா, பாலிஷா?

தருமபுரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. என் கை முதலில் அதற்குத்தான் போகும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. பழைய புளியோடு கல்லுப்பு சேர்த்து, தண்டின் வளையங்களில் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் பச்சைக் களிம்புகூட விட்டுவிடும். ஆனால் ஊறப்போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் துத்தநாகத்தை அரித்தால் விளக்கு செம்புபோலச் சிவந்துவிடும். தேய்த்தவுடன் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். இல்லையென்றால் சீக்கிரமே மங்கும்.

கடைப் பாலிஷில் மினுமினுப்பு கூடுதல் நாள் நிற்கும், சரி. ஆனால் வேலைப்பாட்டு இடுக்கில் வெள்ளைப் பொடி தங்கிவிடுகிறது. சமையல் பாத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். அலமாரியில் சும்மா நிற்கும் அன்னப்பறவைக்கு மட்டும் அதை எடுப்பேன்.