இசோலா பெல்லா: மயிலைப் பார்த்துவிட்டு இசை அறையைத் தவறவிடாதீர்கள்

இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் இருக்கும் இந்தத் தீவுக்கு எல்லோரும் தோட்டம் பார்க்கத்தான் வருகிறார்கள். அடுக்கடுக்காக ஏறும் தோட்டமும் வெள்ளை மயில்களும் அழகுதான், மறுக்கவில்லை. நான் போனது இங்குள்ள பொரோமியோ அரண்மனையின் இசை அறைக்காக. ஹிட்லருக்கு எதிராக இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் கைகோத்த 1935 ஸ்ட்ரேசா மாநாடு நடந்தது அங்கேதான்.

1935 மார்ச் 16 அன்று ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்தார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி கையெழுத்திட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி அதற்கு ஒரு லட்சம் பேர் கொண்ட படைதான் அனுமதி; அவர் அறிவித்தது 36 டிவிஷன், அதாவது ஐந்து லட்சம் பேருக்கு மேல். அடுத்த மாதமே, ஏப்ரல் 11 முதல் 14 வரை, முசோலினி, பிரிட்டன் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, பிரான்சின் பிரதமர் ஃபிளாந்தேன், வெளியுறவு அமைச்சர் லவால் ஆகியோர் இந்த அறையில் கூடினார்கள். ஆஸ்திரியாவின் சுதந்திரத்தைக் காப்போம், ஒப்பந்தங்களைத் தன்னிச்சையாக மீறினால் எதிர்ப்போம் என்று அறிக்கை விட்டார்கள். அதில் ‘ஐரோப்பாவின் அமைதி’ என்றுதான் இருந்தது, ஆப்பிரிக்கா பற்றிப் பேச்சே இல்லை. ஆப்பிரிக்க நாடான எத்தியோப்பியாவின் மேல் கண் வைத்திருந்த முசோலினிக்கு அது வசதியாகப் போயிற்று.

ஜூன் 18 அன்று பிரிட்டன், கூட்டாளிகள் இருவரோடும் கலந்தாலோசிக்காமல், ஜெர்மனியோடு தனியாகக் கடற்படை ஒப்பந்தம் போட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் அளவில் 35 சதவீதம் வரை ஜெர்மனி தன் கடற்படையைக் கட்டிக்கொள்ளலாமாம். அதுவும் நெப்போலியனின் பிரான்ஸ் பிரிட்டனிடமும் ஜெர்மானியப் படைகளிடமும் தோற்ற வாட்டர்லூ போரின் 120ஆம் ஆண்டு நாளில்! பிரெஞ்சுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. ஸ்ட்ரேசா கூட்டணி அவ்வளவுதான்.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன். நான் சேர்ந்த குழுவின் வழிகாட்டி, 1797இல் நெப்போலியன் தங்கிய அறையில் கதைகதையாகச் சொன்னார். இசை அறைக்கு வந்ததும் “இங்கே ஒரு மாநாடு நடந்தது” என்று ஒரே வரியோடு நகர்ந்துவிட்டார். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பணம் கொடுத்ததற்கு எரிச்சல்தான் மிச்சம். அறைக்குக் குறையே இல்லை. அத்தனை அலங்காரத்துக்கு நடுவே உட்கார்ந்தால் யாருக்கும் தன் கையெழுத்து நிலைக்கும் என்றே தோன்றும்.

குழுவோடு போகாதீர்கள். ஏரிக்கரை ஊரான ஸ்ட்ரேசாவில் படகு பிடித்து நீங்களாகவே போங்கள். படகுக்கும் அரண்மனைக்கும் தனித்தனி டிக்கெட். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நாள் இருந்தால், இதே ஏரியின் வடமுனையில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1925இல் ஜெர்மனி தன் மேற்கு எல்லையை ஒப்புக்கொண்டது அங்கேதான்.

அரண்மனைக்கு ஐந்து நட்சத்திரம், வழிகாட்டிக்கு ஒன்று.