ஆயில் பிரைமரும் அடுப்படிக் கறையும்: மூன்று வருட அனுபவம்

வடுவூர் மச்சான் போன வாரம் போன் செய்தார். அடுப்படிக்குப் பெயிண்ட் அடிக்கணுமாம். எங்கள் வீட்டில் பெயிண்டுக்கு அடியில் போட்ட ஆயில் பிரைமர் எப்படி, வாங்கலாமா என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான்.

மன்னார்குடிப் பக்கம் பல வீட்டு அடுப்படிகளைப் போல எங்களுடையதும் கஜா புயலுக்குப் பிறகு கறுத்தது. 2018 நவம்பர் 16-ல் சாய்ந்த தென்னைகளின் மட்டையும் பாளையும் கொல்லையில் மலையாகக் கிடந்தன. அவ்வளவு விறகு சும்மா கிடக்கும்போது சிலிண்டரை யார் தொடுவார்கள்? அம்மா மூன்று வருடம் விறகடுப்பிலேயே ஓட்டினார். சுவரில் கரி என்றால், மேல்தளத்தில் பிசின். தொட்டால் விரல் ஒட்டியது.

2022 பங்குனியில் பெயிண்ட் வாங்கப் போனேன். வாட்டர் பிரைமரே போதும் என்றார் கடைக்காரர். ஒட்டடை அடித்து, ஈரத்துணியால் ஒப்புக்குத் துடைத்து, இரண்டு கோட் அடித்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் வெள்ளையில் அங்கங்கே டிகாஷன் சிந்திய மாதிரி. மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தோம். அதையும் மீறி எட்டிப் பார்த்தது. புகைப் பிசினில் தண்ணீரில் கரைகிற சரக்கும் உண்டு. பிரைமரின் ஈரம் அதைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்து வந்துவிடுகிறது. டர்பன்டைன் கலக்கிற ஆயில் பிரைமரில் அந்தத் தண்ணீரே கிடையாது; கறை அடியிலேயே அடங்கிக் கிடக்கும். டின்னில் எஸ்.டி. (ST) என்றிருந்தால் டர்பன்டைன் வகை, டபிள்யூ.டி. (WT) என்றால் தண்ணீர் வகை. இந்த இரண்டெழுத்தைக் கடையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரக் கூலி மிச்சம்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தோம். முதலில் காய்ந்த கரியைத் தென்னந்துடைப்பத்தால் தட்டி இறக்கினோம். அதற்கு முன் ஈரம் பட்டால் மைபோல இழுவிக்கொள்ளும். அப்புறம் வாளி வெந்நீரில் ஒரு கை வாஷிங் சோடா. சமையல் சோடா இல்லை, சலவைக்குப் போடுவது. கையுறை போடாமல் இறங்கினேன், இரண்டு நாள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. ஆனால் அந்தச் சோடா செய்த வேலை இருக்கிறதே! தேய்த்த இடத்தில் பழுப்பாகச் சாறு வழிந்து, அடியில் நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் பச்சை டிஸ்டெம்பர் தெரிந்தது. சுவரை அடியிலிருந்து மேலே கழுவ வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் கரித்தண்ணி காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கும், அந்தக் கோடு லேசில் போகாது. பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு அலசு. பழைய சுண்ணாம்பு இருந்த மூலையைக் கழுவவில்லை. தகட்டால் சுரண்டி உப்புத்தாள் போட்டோம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆயில் பிரைமர். நம் பக்கத்து ஓதத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்கவே கூடாது.

பிரைமரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் கழித்தும் அடுப்புக்கு நேர் மேலே பளிச்சென்று இருக்கிறது.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அடுத்த அறையில் இரண்டு மூட்டை பொன்னி அரிசி இருந்தது. டர்பன்டைன் வாசம் சாக்குக்குள் போய்விட்டது. நாலு நாளில் வீட்டில் வாசம் அடங்கியது, அரிசியில் அடங்கவில்லை. வெயிலில் கொட்டி வைத்தும் பழையசோற்றில் மட்டும் லேசாக வந்தது. இரண்டு மாதம் அம்மா ஒவ்வொரு வேளையும் தட்டை முகர்ந்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

இன்னொன்று, பரணுக்குப் பின்னால். பித்தளை அண்டாக்களை நகர்த்தச் சோம்பல்பட்டு, அந்த ஒரு முழ இடத்தை மட்டும் கழுவாமல் அடித்தேன். பிசின்மேல் உட்கார்ந்த பிரைமர் ஒரே வருடத்தில் அப்பளமாகத் தூக்கிக்கொண்டது. அது என் தப்புதான். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது.

நேற்று மச்சானுக்கு நானே போன் செய்தேன். "அந்தச் சனியன் வேண்டாம், பேசாம சுண்ணாம்பே அடிங்க" என்றேன். "போன பொங்கலுக்கு வந்தப்பப் பார்த்தேனே, அவ்வளவு வெள்ளையா இருந்துச்சே மாப்ள" என்றார்.

"அரிசி மூட்டை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.