பத்து மாதமாக போனிலேயே கோடிங்: கேட்டது ஒரு வரி, மாறியது மொத்த ஃபைல்

மதர்போர்டு மாற்றி லேப்டாப் நேற்றுதான் வீட்டுக்கு வந்தது. அது இல்லாத பத்து மாதமும் போனில் டெர்மக்ஸ் (ஆண்ட்ராய்டில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஆப்), பைத்தான் மொழி, ஒரு ஏஐ உதவியாளர், அவ்வளவுதான். "அப்போ நானும் லேப்டாப் வாங்காமல் ஓட்டிவிடலாமா?" என்று நண்பன் கேட்டான்.

நான் எழுதியது அப்பாவின் பால் கணக்கு. 62 வீடுகள், தினமும் எத்தனை லிட்டர், எந்த வீட்டில் எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் பில். எல்லாம் போனிலேயே ஒரு ஃபைலாக இருக்கும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் இருக்கும், நெட் இல்லாமலே ஓடும். இரண்டே இரவில் தயார். நோட்டைத் தொடாமல் அப்பா முதல் மாத பில் போட்டபோது மனசு நிறைந்துபோனது.

ஆனால் ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. தேதி காட்டும் விதத்தை மட்டும் மாற்றச் சொல்லி ஏஐயிடம் கேட்டேன். முழு ஃபைலையும் புதிதாக எழுதிக் கொடுத்தது. போனில் இதுதான் சிக்கல். ஒரு வரியைச் சரியான இடத்தில் ஒட்டுவது பெரும்பாடு. பைத்தானில் வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி பிசகினாலும் ஓடாது. அதனால் முழு ஃபைல் வந்தால் நிம்மதியாக அப்படியே ஒட்டிவிடுகிறோம். கீபோர்டு எழும்பினால் திரையில் தெரிவது பத்துப் பன்னிரண்டு வரி. 300 வரியில் எது காணாமல் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போனது, பால் வேண்டாம் என்ற நாட்களைக் கழிக்கும் நான்கு வரி. எந்த எரரும் வரவில்லை. ஊருக்குப் போயிருந்த வீடுகளுக்கும் முழு மாத பில் போனது. இத்தனை வருடம் கணக்கில் ஒரு சொல் கேட்காத அப்பா, வாசல் வாசலாக நின்று விளக்கம் சொன்னார்.

அப்புறம்தான் கிட் போட்டேன்; கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி அது. புதிதாக ஒட்டியதும் 'கிட் டிஃப் --ஸ்டாட்'. எத்தனை வரி கூடியது, எத்தனை குறைந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். சின்னத் திரைக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. கேட்டது இரண்டு வரி, கழிந்தது நாற்பது என்றால் உடனே 'கிட் ரிஸ்டோர்', பழைய ஃபைல் திரும்பி வந்துவிடும். ஃபைலையும் 60 வரித் துண்டுகளாகப் பிரித்துவிட்டேன். திருப்பி எழுதினாலும் சேதம் அந்தத் துண்டோடு நிற்கும். அதன்பின் ஒரு பில்கூடத் தப்பாகப் போகவில்லை. பஸ்ஸில் நின்றபடியே எத்தனையோ திருத்தம் செய்திருக்கிறேன்.

சரி, நண்பனுக்கு என்ன சொல்வது? லேப்டாப் வாங்குடா. அப்பா இன்னும் போனில்தான் பில் போடுகிறார். அதில் அடுத்து ஒரு வரி மாற்றுவதென்றாலும் நான் லேப்டாப்பில்தான் மாற்றுவேன்.